பேராக் தோட்டத்துக் குதிகால்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பர் தோட்டங்களில் எடுத்த புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர் முதலில் முகங்களைத்தான் பார்ப்பார். பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் படத்தில் வேறொரு வரிசை தெரியும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் காலில் பூட்ஸ், அதற்கு மேல் முழங்கால் வரை சுற்றிய பட்டி. கணக்கெழுதும் கிராணியின் காலில் சப்பாத்து. பால்மரம் வெட்டும் ஆணும் பெண்ணும் அநேகமாக எல்லாப் படத்திலும் வெறுங்கால். பேராக் மாநிலத்து ரப்பரின் வரலாற்றை விலை, ஏற்றுமதி, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் துரைமார் சுடப்பட்டது என்று பலரும் பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் அடியில் நின்ற பாதத்தைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பித்தவெடிப்பு, கால் ஆணி, சேற்றுப்புண், குதிகால் வலி, வளைந்த விரல், தட்டைப் பாதம் எல்லாம் ‘உடம்பென்றால் வரும்’ என்ற கணக்கில் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பேராக் தமிழரின் காலுக்கு எந்தக் காலத்தில் எந்த நோய் வந்தது, எது வராமல் இருந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள் அந்தக் கால்கள் நின்ற தரைக்குச் சொந்தக்காரர்கள். இதுதான் இங்கே நான் நிறுவ முயல்வது.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, வெறுங்கால் தமிழரின் வழக்கம்தானே, தோட்டக்காரர்கள் யாருடைய செருப்பையும் பிடுங்கவில்லையே என்பது. பாதி உண்மை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஆட்களில் பெரும்பாலோர் ஊரிலும் செருப்பில்லாமல் நடந்தவர்களே. ஆனால் ஊரில் ஏன் அப்படி நடந்தார்கள் என்று கேட்டால் வழக்கம் என்ற சொல் தளர்ந்துபோகிறது. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும் பங்கு பறையர், பள்ளர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். மேல்சாதித் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தடை இருந்தது. அந்தச் செருப்பைத் தைத்தவரும் அதே தடைக்கு உட்பட்டவர். ஆக, ஊரிலேயே வெறுங்கால் என்பது யாரோ போட்ட உத்தரவு. கடல் தாண்டிய பிறகு அந்த உத்தரவு கைமாறியது, அவ்வளவுதான். தோட்டத்தில் மரியாதையின் இலக்கணம் உடம்பில், அதுவும் காலில், எழுதப்பட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையின் எதிரே சைக்கிளிலிருந்து இறங்கித்தான் போகவேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது என்றாலும் அந்தக் கட்டாயம் சிலாங்கூருக்கு மட்டும் உரியதல்ல. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் எழுதிக் கேட்டார்கள் என்றால், காலைத் தரையில் வைப்பதா பெடலில் வைப்பதா என்பது அவர்களுக்கு எவ்வளவு கனமான விஷயமாக இருந்திருக்க வேண்டும்.

தரையைப் பார்ப்போம். பேராக்கில் தமிழ்க் கூலிகள் ரப்பருக்கு முன்பே கிரியான் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்தில் வேலை செய்தார்கள். அறுத்த கரும்பின் அடிக்கட்டை கூரானது. வெறுங்காலுக்கு அந்த வயல் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் வளவில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் கரும்பும் காப்பியும் பின்வாங்க, பேராக்கின் சரிவுகள் பலவும் கித்தாக் காடு, அதாவது ரப்பர்க் காடு ஆயின. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. ஊரிலிருந்து ஆள்கூட்டி வரும் கங்காணி முறை நிலைத்தது. விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு, பிறகு ஆளுக்கொரு நிரை. ஒருவர் பொறுப்பில் முந்நூறு முதல் ஐந்நூறு மரம் வரை. நானூறு மரம், மரத்துக்கு மரம் இருபதடி என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றே இரண்டரைக் கிலோமீட்டர். வெட்ட ஒரு சுற்று, பால் எடுக்க இன்னொரு சுற்று. லயம் என்ற வரிசைக் குடியிருப்பிலிருந்து நிரைக்கும் நிரையிலிருந்து பால் சேர்க்கும் ஸ்டோருக்கும் நடந்தது இதில் சேராது. மரத்துக்கு ஐம்பது மில்லி பால் என்று குறைத்து வைத்தாலும் இருபது லிட்டர். கடைசி நடையில் அந்த எடை காண்டா என்ற தோள்தடியில் தொங்கும் வாளியில் தோளை அழுத்தி, இடுப்பு வழியாக இறங்கிக் குதிகாலில் வந்து நிற்கும். சுங்கை சிப்புட் பக்கம் போல மலைச்சரிவில் அமைந்த தோட்டமென்றால் படிவெட்டின் விளிம்பில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நாள் முழுக்க நடை.

அந்தத் தரையில் காலுக்கு நேர்ந்தவற்றைப் பட்டியலிட்டால் நீளும். லாலாங் புல்லின் இளங்குருத்து ஊசிபோல மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அது பாதத்தையும் துளைக்கும். தொட்டாற்சிணுங்கி முள், அட்டைக்கடி, அதைச் சொறிந்து வந்த புண். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறிப் பட்ட தோல் தடித்து, குதிகாலின் ஓரத்தில் பிளந்துகொள்ளும். பித்தவெடிப்பை அழகுக்குறையாகப் பார்க்கும் பழக்கம் நகரத்தில் வந்தது. உள்தோல் வரை பிளந்த வெடிப்போடு நடக்கும்போது ஒவ்வோர் அடியும் காயத்தைப் புதிதாக விரிக்கிறது; மண்ணிலுள்ள கிருமி உள்ளே போக அது திறந்த வாசல். ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு வேறு விதம்: பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் கலந்த ஈரத்தரை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமான, நிழலான, மனித மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே ஓர் அரிப்பு, சிறு கொப்புளம். அதைச் சேற்றுப்புண் என்று நினைத்து விட்டுவிடுவது இயல்பு. புழு ரத்தத்தில் ஏறி, நுரையீரலைத் தாண்டி, தொண்டை வழியே விழுங்கப்பட்டு, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கத் தொடங்கும். முதிர்ந்த ரப்பர் மரத்தின் அடிநிழல் அந்தப் புழுவுக்காகவே தயாரித்தது போன்ற இடம். பெரட்டுக்குப் போன ஆள் மதியம் வரை காட்டில்தான் இருப்பார். காட்டில் கழிப்பறை கிடையாது.

தோலின் வழியே புழு நுழைகிறது என்பது 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் தற்செயலாகத் தம் கையில் புழுநீரைச் சிந்திக்கொண்டதால் தெரியவந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1909 முதல் ராக்ஃபெல்லர் பணத்தில் பெரும் இயக்கம் நடந்தது. அங்கே மருந்து கொடுத்தார்கள், கழிப்பறை கட்டச் சொன்னார்கள், செருப்புப் போடவும் சொன்னார்கள். 1915-க்கும் 1917-க்கும் இடையே அதே அறக்கட்டளையின் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களுக்கு வந்தது. பனாமாக் கால்வாயில் பணியாற்றிய சாமுவேல் டார்லிங் தலைவர்; பார்பரும் ஹேக்கரும் உடன் பணியாற்றினார்கள். கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஒன்றாக ஆராய்ந்த அவர்களின் அறிக்கை 1920-இல் வெளியாயிற்று. அதன் பிறகு தோட்டங்களில் நடந்த வேலை இரண்டு: கீனோபோடியம் எண்ணெய் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது, கழிப்பறை தோண்டுவது. தமிழ்நாட்டுக் கூலிக்குச் செருப்பு என்ற மூன்றாவது வழி அமெரிக்க ஏழைக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இங்கே சொல்லப்படவில்லை. நியாயமாகப் பேசினால் கழிப்பறைதான் சரியான மருந்து. மண்ணே சுத்தமானால் செருப்பில்லாத குழந்தைக்கும் பாதுகாப்பு. அதனால் அந்த மருத்துவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறு. கால் அவர்கள் ஆராய்ச்சிக்குள் வந்தது ஒரு நுழைவாயிலாக. வாசலில் நுழைந்த புழுவால் ரத்தம் குறைந்து, ரத்தம் குறைந்ததால் உழைப்புக் குறைந்தது; அதுதான் முதலாளிக்குப் புரிந்த கணக்கு. வாசலாக நின்ற பாதம் வலித்ததா என்பது கணக்கில் வரவேண்டிய தேவை இல்லை.

தோட்டத்தின் கணக்குப் புத்தகம் எதைப் பதிந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வேலைக்கு வந்தவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலிப் பதிவு. நிரையை முடிக்காதவருக்கு அரைப் பேர். வராதவருக்குப் பேரில்லை, கூலியுமில்லை. கங்காணிக்கு அவன் கூட்டிவந்த ஆட்களில் அன்று வேலைக்கு இறங்கியவர் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. நொண்டிக்கொண்டு வந்தாலும் அது ஒரு தலைதான். லயத்துக் கதவைத் தட்டி ஆளை எழுப்புகிறவனுக்கே அந்த ஆள் எழுவதில் காசு இருக்கும்போது, குதிகால் வலி என்ற காரணம் எவ்வளவு தூரம் எடுபட்டிருக்கும்? தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் ஐயாவிடம் போனால் காய்ச்சலை அளக்கலாம், சீழ் பிடித்த புண்ணைக் கழுவிக் கட்டலாம். வெளியே ஒன்றும் தெரியாத வலியை அளக்க அவரிடம் கருவி இல்லை. சட்டமும் அதே கண்ணால்தான் பார்த்தது. 1952-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உடலுறுப்பு இழப்புக்கு அட்டவணை உண்டு: கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு. போன விரலுக்கு விலை இருந்தது. இருந்துகொண்டே வலித்த குதிகாலுக்கு இல்லை. உடம்பை மெல்லத் தேய்க்கும் வேலையைச் சட்டம் அறியவே முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்திலேயே, மண்டியிட்டு நிலக்கரி வெட்டிய சுரங்கத் தொழிலாளியின் முழங்கால் வீக்கம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய் ஆகிவிட்டது. அந்தச் சுரங்கத் தொழிலாளிக்குச் சங்கமும் வாக்கும் இருந்தன. கித்தாக் காட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதே 1954-இல்.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். பதிவேட்டில் குதிகால் வலி இல்லை என்றால், ஒருவேளை அது இல்லவே இல்லையோ? பதிவில்லாத நோயை இருந்ததாகச் சொல்லுவது வரலாறாகுமா? இதற்குப் பதில் அந்த வலியின் இயல்பிலேயே இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை பாதத்தின் கீழே தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அது. அளவுக்கு மீறி இழுபட்டால் குதிகாலோடு ஒட்டும் இடத்தில் அது நலிகிறது. குதிகால் வலிகளில் மிகப் பரவலானது இதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல வளர்ந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. இந்த வலி தூங்கி எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் உச்சத்தில் இருக்கும், நடக்க நடக்க அடங்கும், நெடுநேரம் நின்றபின் திரும்பிவரும். இதை ஒரு பால்மரத் தொழிலாளியின் நாளோடு பொருத்திப் பாருங்கள். இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டும்போது வலி உச்சம். பெரட்டுக் களத்துக்கு நடந்து சேர்வதற்குள் பாதி அடங்கிவிடும். கிராணி பேர் கூப்பிடும்போது அந்த ஆள் நேராக நிற்பார். மாலையில் வலி திரும்பும்போது அவர் லயத்தில் இருப்பார், புத்தகம் ஆபீசில் இருக்கும். நோய் கண்ணில் படக்கூடிய நேரமும் நிர்வாகம் கண் வைத்திருந்த நேரமும் சந்திக்கவே இல்லை. அதனால் பதிவேட்டின் மௌனத்தை இங்கே சாட்சியாக எடுக்க முடியாது, எந்தப் பக்கத்துக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வெறுங்கால் நல்லது என்கிறது அறிவியல். மணிப்பாலில் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவு இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். விரலை மூடும் சப்பாத்துக்கு இதில் பங்கு அதிகம், திறந்த செருப்புக்குக் குறைவு. ஹாங்காங்கில் 1958-இல் வந்த ஓர் ஆய்வு சப்பாத்துப் போட்ட சீனரில் மூன்றில் ஒருவருக்குக் கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்திருந்ததையும், போடாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அது இல்லாததையும் காட்டியது. குதிகால் நார்ப்பட்டை வலியைப் பற்றி 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு மூன்று காரணங்களை முன்வைக்கிறது: கணுக்கால் மேல்நோக்கி மடங்காமை, அதிக உடல் எடை, வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்று கழிப்பது. தோட்டத்தில் மூன்றாவது நிச்சயம் இருந்தது. முதல் இரண்டும்? குந்தி உட்கார்ந்து சமைத்து, குந்தி உட்கார்ந்து சாப்பிட்டு, மரத்தின் அடிப்பட்டையை வெட்டக் குந்தியே பழகிய கணுக்கால் நன்றாக மடங்கும். அரிசியும் கருவாடும் தின்று அந்த அளவு நடந்த உடம்பில் கொழுப்புச் சேராது. ஆக, தோட்டத்துத் தலைமுறையின் பாதம் வடிவத்தில் நம்முடையதைவிட நன்றாகவே இருந்திருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டைப் பாதமும் சாய்ந்த விரலும் குறைவு. குதிகால் வலிகூட நாம் இன்று காண்பதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். என் வாதத்தை இது கெடுக்கவில்லை. தோலும் ரத்தமும் விலையாகப் போன இடத்தில் எலும்பும் வளைவும் தப்பின. எது போக வேண்டும், எது தப்ப வேண்டும் என்று அந்தக் காலுக்கு உரியவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே பேச்சு.

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலேயே பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. ஈயத்துக்காக வந்த சீனரில் ஹக்கா மக்கள் மிகுதி. சீனாவின் பல பகுதிகளில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டி ஒடிக்கும் கொடுமை நடந்த காலத்தில் ஹக்கா பெண்கள் பொதுவாகக் காலைக் கட்டவில்லை. வயலில் உழைக்க அவர்களுக்கு முழுக்கால் தேவைப்பட்டது. அந்த முழுக்காலோடுதான் அவர்கள் கிந்தாவின் ஓடைகளில் நாள் முழுக்க நீரில் நின்று தூலாங் தட்டில் ஈயமணல் அரித்தார்கள். கட்டிய காலும் கட்டாத காலும் இரண்டுமே வேறு யாருடைய தேவையாலோ உருவானவை. ஆக இது தமிழரின் தனிக்குறை இல்லை.

1942-க்குப் பிறகு ஜப்பானியர் ஆட்சியில் நடந்ததை நாலு வரியில் சொல்லிக் கடப்பது நியாயமில்லைதான். அது தனி நூலுக்குரியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலராவோடும் மலேரியாவோடும் சேர்ந்து காலில் வந்த புண்ணும் ஆட்களைத் தின்றது. மூங்கில் கீறிய சிறு காயம் பட்டினி உடம்பில் எலும்பு தெரியும் புண்ணாக வளர்ந்தது. கால் வெட்டப்பட்டவர்கள் உண்டு. வெட்ட ஆளில்லாமல் இறந்தவர்கள் அதிகம். தோட்டத்தின் தரையில் இருந்த ஒரே அனுகூலம், மாலையில் அதைவிட்டு லயத்துக்குத் திரும்பலாம் என்பது. அது பறிபோனால் என்ன ஆகும் என்று அந்தப் பாதை காட்டியது.

செருப்பு எப்போது வந்தது? ரப்பர் அடி வைத்த சப்பாத்துகள் சிங்கப்பூரில் டான் கா கீயின் ஆலையில் 1920-களிலேயே பெருமளவில் தயாராகி வெளிநாடு போயின. மூலப்பொருள் மலாயாக் காட்டுப் பால். அதை இறக்கியவரின் காலுக்கு அது வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. போருக்குப் பின் மலிவான ரப்பர் செருப்பு, மலாய்க்காரர் ‘செலிப்பார் ஜெப்புன்’ என்று அழைத்தது, லயங்களுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடம் வெள்ளைக் கித்தான் சப்பாத்தைப் பிள்ளைகளின் காலில் மாட்டியது. காட்டுவேலைக்கு முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து வந்தது. அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலிப் பேரும் கிடைத்தது. இப்போது மலையேறுகிறவர்களும் காட்டோட்டக்காரர்களும் சேற்றில் வழுக்காது என்று அதையே தேடி வாங்குகிறார்கள். முள்ளுக்கும் அட்டைக்கும் அது நல்ல தடுப்பு. உள்ளே போன தண்ணீரும் வியர்வையும் வெளியேற வழியில்லாததால் விரலிடுக்குப் புண்ணுக்கு அது நல்ல வீடு. முறையான பூட்ஸ் பரவியது ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில். செம்பனை மட்டையின் முள் ஆளை உடனே வேலையிலிருந்து விலக்கிவிடும். குலை விழும் இடத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. எழுபது ஆண்டு ரப்பர் வேலையில் காலுக்கு வராத கவசம், காயம் உற்பத்தியை நிறுத்தும் என்று தெரிந்த பயிரில் விரைவாக வந்துவிட்டது. செருப்பின் விலை குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த பிறகும் பால்மரம் வெட்டியவர் தாமே காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

பேராசிரியர் ஊங்கு அசிஸ் ஒரு வீட்டின் வறுமையை அளக்க, அங்கே ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். தோட்டத்து லயத்தில் அவர் செருப்பையும் எண்ணியிருக்கலாம். அவர் ஆராய்ந்த இன்னொன்று நம் கதையை நேராகத் தொடுகிறது: 1950-களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வெளியேறிய நிகழ்வு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்கியது இதற்குப் பதிலாகத்தான். அதையும் மீறி அடுத்த சில பத்தாண்டுகளில் செம்பனையும் வீடமைப்பும் லயங்களைக் காலிசெய்தன. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் புந்தோங், பத்து காஜா, மலிவு விலை அடுக்குமாடிகள் என்று பரவினார்கள். தரை மாறியது: செம்மண் போய்ச் சிமெண்டும் ஓடும். வேலை மாறியது: ஆலையில் வரிசை முன்னால் நிற்பது, துணிக்கடையில் நிற்பது, பாதுகாவலராக நிற்பது, சாப்பாட்டுக் கடையில் நிற்பது. நடை குறைந்து நிற்றல் மிஞ்சியது. குந்துவது போய் நாற்காலி வந்தது. கணுக்கால் மடக்கத்தை மெல்ல மறந்தது, நடை குறைந்த உடம்பில் எடை ஏறியது. 2003 ஆய்வு சொன்ன மூன்று காரணங்களும் இப்போதுதான் ஒரே உடம்பில் சேர்ந்தன. தோட்டம் விட்ட தலைமுறைக்கு நகரத்தில் வந்த குதிகால் வலியை ‘அந்தக் காலத்தில் பட்ட கஷ்டம்’ என்று வீட்டில் சொல்வார்கள். என் கணிப்பில் அதில் பெரும்பங்கு இந்தக் காலத்துக் கஷ்டம். எருக்கிலையைச் சூடான செங்கல்லில் வைத்துக் குதிகாலால் மிதிக்கும் பாட்டி வைத்தியம் சூட்டால் கொஞ்சம் இதம் தரும். கெண்டைக்கால் தசையை நீட்டிவிடும் பயிற்சி, மெத்தென்ற அடியுள்ள காலணி, எடைக் குறைப்பு, நிற்பதைக் குறைத்தல் என்று மருத்துவர் சொல்வார். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். கடைசியாகச் சொன்ன நிற்பதைக் குறைத்தல் மட்டும் நோயாளியின் கையில் இல்லை. முதலாளி ஒரு முக்காலி போட்டால்தான் நடக்கும்.

வலிக்கிற காலைவிட வலிக்காத கால் பெரிய ஆபத்து. 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4 விழுக்காடு. நீரிழிவு நரம்பைக் கெடுத்த பாதத்துக்குக் கல் குத்தினாலும் தெரியாது. பித்தவெடிப்பு புண்ணாகி, புண் அழுகி, விரலோ காலோ போகும். இங்கே வெறுங்கால் வழக்கம் உண்மையிலேயே குறுக்கே வருகிறது. தைப்பூசத்தன்று ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்கு வெயில் தாரில் வெறுங்காலோடு நடப்பவரிடம் உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. புறப்படுமுன் காலைச் சோதித்துக்கொள், திரும்பியதும் சோதித்துக்கொள் என்று சொல்வதற்குக் கோயிலே சரியான இடம். உணர்ச்சியிழந்த பாதத்துக்குத் தமிழகம் ஏற்கெனவே ஒரு வழி கண்டது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்தபோது, விரல்கள் நோயால் நேரடியாக அழுகவில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்பட்டே அழிகின்றன என்று கண்டார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் நுண்துளை ரப்பரில் மென்மையான செருப்புச் செய்தார்கள். அழுத்தம் ஒரே இடத்தில் குவியாமல் பரவியதால் புண்கள் குறைந்தன. இன்று நீரிழிவுப் பாதத்துக்கு உலகெங்கும் கொடுக்கும் காலணியின் தத்துவமும் அதுதான்.

பேராக்கின் செம்பனைக் காடுகளில் இப்போது நடக்கும் கால்கள் பெரும்பாலும் இந்தோனேசியருடையவை, வங்காள தேசத்தவருடையவை. பூட்ஸ் உண்டு, அதன் உள்ளே நாள் முழுக்க ஊறும் பாதத்தைக் கேட்பார் யாருமில்லை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். விரல் போனால் அவர்களுக்கும் கணக்கு உண்டு. விடியற்காலை விடுதியில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலிக்கு மட்டும், அது வேலையால் வந்தது என்று அவர்கள் தாமே நிறுவியாக வேண்டும்.